உள்ளிருப்புக்காரர்

வெளியூரில் ஆட்டம் என்றால் பச்சைச் சட்டை அணிக்காகப் பதினோரு பேர் மைதானத்தில் ஓடுவார்கள். ஒரு பஸ் நிறைய ஆட்கள் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, இடது காலில் மாத்திரம் சாக்ஸ் போட்டு உட்கார்ந்திருப்பார். இதில் எது குறைந்தாலும் அணி தோற்றுவிடும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அவர் இதை நம்பியதால் உலகத்தில் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்துவிடவில்லை.

எல்லாம் ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. அப்போதெல்லாம் மெக்கானிக்கும் பஸ்ஸில் போகிற ஆள்தான். ஜன்னலோர சீட் அவருக்கு, பக்கத்து சீட் பேக்கரிக்காரருக்கு. பஸ்ஸை ஏற்பாடு செய்வது, ஆள் சேர்ப்பது, வழியில் சாப்பிட பன் மூட்டை கட்டிக்கொண்டு வருவது எல்லாம் பேக்கரிக்காரர் வேலை. அந்த வருடம் அணி வெளியூரில் போன இடமெல்லாம் உதை வாங்கியது. மெக்கானிக் ஒரு ஆட்டம் விடாமல் போய்ப் பார்த்தார், ஒரு ஆட்டம் விடாமல் அவர்கள் தோற்றார்கள். அப்புறம் ஒரு வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். மனைவி சாம்பல் நிறப் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். காலுக்கு சாக்ஸ் மாட்டப் போனால் வலது கால் சாக்ஸைக் காணோம். கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடிவிட்டு, இடது காலாவது சூடாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ரொட்டியைப் பாலில் பிய்த்துப் போட்டுக் கொடுத்தாள். ரேடியோ போடக்கூட அவருக்குத் தெம்பில்லை. அன்றைக்கு அணி மூன்று கோல் போட்டு ஜெயித்தது, எதிரணிக்கு ஒரு கோல்கூட விடாமல்.

அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு உடம்பு தேறி, தலைகால் புரியாத சந்தோஷத்தோடு பஸ் ஏறினார். நாலு கோல் வாங்கினார்கள். நாலாவது கோல் கோல்கீப்பரின் இரண்டு கால்களுக்கும் நடுவில் விருந்தாளி போல மெதுவாக உள்ளே போயிற்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஊர் நெருங்கியபோது பேக்கரிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த தடவை மட்டும் நீங்க வீட்ல இருந்து பாருங்களேன். காய்ச்சல்ல என்னென்ன பண்ணீங்களோ, அதையெல்லாம் அப்படியே பண்ணுங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? ஒரு மனுஷனைப் பார்த்து நீ ராசியில்லாதவன் என்று இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாதுதான், ஆனாலும் சொன்னது சொன்னதுதானே. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயித்தார்கள். 'அடுத்த தடவை மட்டும்' என்பது அதற்கும் அடுத்த தடவையாகி, அந்த சீசன் முழுக்க ஆகி, பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

போகப் போக அதில் அவருக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். பஸ்ஸில் இருந்த குறும்புக்காரன் எவனோ அவருக்கு 'உள்ளிருப்பு' என்று பெயர் வைத்தான். தொழிற்சங்கக்காரர்கள் கோரிக்கைக்காக உள்ளிருப்புப் போராட்டம் செய்கிற மாதிரி இவர் கோலுக்காகச் செய்கிறாராம். ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் முந்தின நாள் சாயங்காலம் பேக்கரிக்காரரிடமிருந்து போன் வரும்.

"நாளைக்கு எங்கண்ணே?"

"வீட்லதான்."

அவ்வளவுதான் பேச்சு. ஆட்டம் முடிந்து பஸ் கிளம்பியதும் இன்னொரு போன் வரும். ஜெயித்திருந்தால் பேக்கரிக்காரர் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பார். மொத்த பஸ்ஸும் உள்ளிருப்பு வாழ்க என்று கத்தும். மெக்கானிக்குக் காது கிழிந்துவிடும், வாயெல்லாம் பல்லாக நிற்பார். தோற்றிருந்தால் விசாரணை நடக்கும். கதவைத் திறந்தீர்களா, ரேடியோவைத் தொட்டீர்களா, ரொட்டியைத் தவிர வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா? விசாரணை என்று ஒன்று வைத்துவிட்டால் ஏதாவது ஓர் ஓட்டை அகப்படாமலா போகும்? ஒரு தடவை மனைவி குப்பைக்கூடையை வெளியே வைக்கக் கதவைத் திறந்திருந்தாள். இன்னொரு தடவை அவரே நினைவில்லாமல் ஒரு பிஸ்கட்டைக் கடித்துவிட்டார். அதானே பார்த்தேன் என்று பேக்கரிக்காரர் பெருமூச்சு விடுவார், பஸ்ஸுக்கும் ஒரு நிம்மதி கிடைக்கும். தோற்றதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் அடுத்த ஆட்டத்தை எதிர்பார்க்கத் தெம்பு வந்துவிடுகிறது.

மனைவிக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கை. ஆட்டத்தன்று காலையிலேயே அவருடைய வலது கால் சாக்ஸை எடுத்து எங்கேயாவது ஒளித்துவைத்துவிடுவாள். முதல் தடவை எப்படித் தொலைந்ததோ அப்படியே தொலையவேண்டும் என்பாள். ஆட்டம் நடக்கும்போது அவர் ஸ்கோர் தெரிந்துகொள்ளக்கூடாது. அவள் மட்டும் உள்ளறை ஜன்னல் பக்கமாகப் போய் மேல்வீட்டு டிவி சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு வருவாள். வாயைத் திறக்கமாட்டாள். திறக்க வேண்டிய அவசியமும் இல்லை, அவள் முகம்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுமே. "உங்களுக்குப் பயந்துக்கிட்டு அங்க பதினோரு பேர் ஓடிக்கிட்டிருக்காங்க, நீங்க என்னடான்னா பாலை ஆற வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க" என்பாள். வெளியூர் ஆட்ட நாள்தான் அவர்கள் இருவரும் நாள் முழுக்க ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிற நாள் என்பது, அவள் போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அவள் போய் மூன்றாவது வருடம் ஓடுகிறது. பிள்ளைகள் இல்லை. அவளை எடுத்த அன்று பஸ்காரர்கள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள், அதை அவர் மறக்கமாட்டார். அதற்கப்புறம் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவர் மகள் வீட்டோடு போய்விட்டார், ஒருவருக்கு முழங்கால் மடங்கவில்லை. பேக்கரிக்காரர் பஸ் ஏற்பாட்டைத் தன் மருமகனிடம் விட்டுவிட்டார். மருமகன் எல்லோரையும் போனில் ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டான். இத்தனை மணிக்கு பஸ், இந்த இடத்தில் நில்லுங்கள் என்று அதிலேயே சேதி போய்விடும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கான குரூப் அது. பஸ்ஸில் வராமல் இருப்பவரை எதற்காகச் சேர்க்கப்போகிறான்?

போர்வையும் ரொட்டியும் ஒற்றை சாக்ஸும் மட்டும் தொடர்ந்தன. வலது கால் சாக்ஸை இப்போது அவரே ஒளித்துவைத்துக்கொண்டார். தானே ஒளித்துவிட்டுத் தானே தேடாமல் இருப்பதில் என்ன வேடிக்கை இருக்கிறது? ஆனால் முந்தின நாள் சாயங்கால போன் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த சாயங்காலம் ஆறு மணிக்கே போனை சார்ஜில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நாளைக்கு நீ எங்கேயும் போகாதே என்று சொல்லத்தான் அந்த போன் வருகிறது. நாளைக்கு அவர் எங்கே இருப்பார் என்று கேட்க இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு போன்தான் என்பதும் உண்மை.

போன மாத ஆட்டத்துக்கு அதுவும் வரவில்லை. பேக்கரியில் அடுப்பு ஏதோ தகராறு என்று கேள்விப்பட்டிருந்தார். அதில் மறந்திருப்பான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். சொல்லாவிட்டால் என்ன, கடமை கடமைதானே என்று உட்கார்ந்தார். ஆட்டம் டிராவில் முடிந்தது. யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை.

இப்போது சீசனின் கடைசி ஆட்டம். துறைமுக ஊரில், ஞாயிற்றுக்கிழமை. ஜெயித்தால் பச்சைச் சட்டை அணி மேல் பிரிவுக்குப் போய்விடும், இல்லையென்றால் வழக்கம்போல இங்கேயே கிடக்கும். ஊரில் வேறு பேச்சே இல்லை. மருந்துக்கடையில் இருமலுக்கு மருந்து கேட்டால் கடைக்காரர் இடது பக்கத் தடுப்பாட்டக்காரனின் முட்டியைப் பற்றிக் கவலைப்படுகிறார். இந்த ஆட்டத்துக்குமா போன் வராமல் போய்விடும் என்று மெக்கானிக் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஒன்பது மாடிக் குடியிருப்பில் வேலை. அங்கே லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் தரைக்கு இரண்டு விரல் கீழே நின்றது. அவசரமாக வெளியே வருகிறவர்கள் தடுக்கி விழுந்தார்கள். மேலே மெஷின் அறையில் போய்ப் பார்த்தால் பிரேக் லைனிங் தேய்ந்துபோயிருந்தது. மாற்றிவிட்டு, ஒவ்வொரு மாடியிலும் தரையோடு தரையாக நிற்கிறதா என்று காலியாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது மாடியில் கதவு திறந்தபோது, கழுத்தில் பச்சை மஃப்ளர் சுற்றிய ஒரு குடித்தனக்காரர், வங்கியில் வேலை பார்ப்பவர், ஏறலாமா என்று கேட்டு ஏறிக்கொண்டார். மஃப்ளரைப் பார்த்ததும் மெக்கானிக்கால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறீர்களா என்று விசாரித்தார். குரூப்பில் பெயர் கொடுத்துவிட்டதாக வங்கிக்காரர் சொன்னார்.

"நீங்க வரலையா?"

"நான் வரமாட்டேங்க. வீட்ல இருக்கறதுதான் என் வேலை."

வங்கிக்காரருக்குப் புரியவில்லை. மெக்கானிக் விளக்கினார். காய்ச்சல், போர்வை, ரொட்டி, சாக்ஸ் என்று சொல்லிக்கொண்டே போகும்போது, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அது தன் காதுக்கே பைத்தியக்காரப் பேச்சாகக் கேட்டது. பஸ்ஸில் சொன்னால் எல்லோரும் சேர்ந்து சொல்கிற கதை. லிஃப்டுக்குள் அவர் ஒருவர் மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. வங்கிக்காரர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டு கீழ்த்தளம் வந்ததும் இறங்கிப் போய்விட்டார். லிஃப்ட் தரையோடு தரையாக நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு ஆயிற்று, ஏழு ஆயிற்று. போன் வாயே திறக்கவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று எடுத்து அழுத்திப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. கோபம் வந்தது, அது போய் அழுகை மாதிரி ஒன்று வந்தது. ரொட்டி வாங்கவேண்டுமே என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பிவிட்டார்.

பேக்கரிக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, வாங்கண்ணே, வாங்கண்ணே என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். தடுப்பாட்டக்காரன் முட்டி, துறைமுக ஊரின் மைதானத்தில் அடிக்கிற காற்று, எந்த நடுவர் வரப்போகிறார் என்பது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் பேசினார். மெக்கானிக் ஊம் கொட்டிக்கொண்டே காத்திருந்தார். இதோ கேட்கப்போகிறான், இதோ கேட்கப்போகிறான் என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. பேக்கரிக்காரர் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

"ஏண்ணே, நாளைக்கு நீங்களும் வாங்களேன். பஸ்ல ஒரு சீட் காலியா இருக்கு. வீட்ல தனியா உக்காந்து என்ன பண்ணப்போறீங்க?"

குத்திக்காட்டவோ கேலி செய்யவோ அவர் அதைச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார். அதுதான் மெக்கானிக்கின் நெஞ்சில் தைத்தது. வரக்கூடாது என்று சொன்ன அதே வாய், சொன்னதையே அடியோடு மறந்துவிட்டு வா என்கிறது. பஸ் ஏறவேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட வருடங்கள் எத்தனையோ. ஜன்னலோரம் உட்கார்ந்து, பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டு, கத்திக் கத்திக் குரல் போய்த் திரும்பி வர ஏங்கியிருக்கிறார். இப்போது கூப்பிடுகிறார்கள். அவரைக் கண்டு யாருக்கும் பயமில்லை. அவர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான்.

"வரேன்" என்று சொல்லிவிட்டு ரொட்டியோடு வீட்டுக்குத் திரும்பினார். வீம்புக்குச் சொன்னாரா, ஆசைக்குச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை. அன்று அவருக்குத் தூக்கம் வந்ததா என்று யாரும் கேட்கவேண்டாம்.

காலையில் பெட்டிக்குள் மடித்துக் கிடந்த பச்சைச் சட்டையை எடுத்துப் போட்டார். வயிற்றுப் பக்கம் பித்தான் மாட்ட மறுத்தது. இரண்டு காலிலும் சாக்ஸ் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டாவது சாக்ஸைப் போடும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது.

பஸ் நின்ற இடத்தில் அவருக்குத் தெரிந்த முகம் என்று நாலைந்துகூடத் தேறவில்லை. மருமகன் போனைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமா சொன்னாரு, ஏறுங்க என்று இவரை மேலே ஏற்றிவிட்டான். அவருக்கு ஜன்னலோரமே கிடைத்தது. பக்கத்தில் பச்சைத் தொப்பி வைத்த ஒரு நர்ஸ் வந்து உட்கார்ந்தாள். ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்துவிட்டேன், வழியெல்லாம் தூங்கி வழிவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அப்புறம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முதல் தடவையா அங்கிள்?"

மெக்கானிக் ஒரு கணம் யோசித்தார். எங்கிருந்து ஆரம்பித்து எதைச் சொல்வது? நேற்று முன்தினம் லிஃப்டுக்குள் தன் குரல் ஒலித்த விதம் நினைவுக்கு வந்தது.

"ஆமாம்மா" என்றார்.

அவள் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். அவர் கை தானாகப் பின்வாங்கியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்றைக்குத் தின்றால் என்ன என்று நினைத்து, அப்புறமும் எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் நிறைந்துவிட்டது. பின்னால் யாரோ கொட்டு அடித்துப் பார்த்தார்கள். எல்லோர் பேச்சிலும் சாயங்காலம் எத்தனை கோல், யார் போடுவார்கள் என்பதுதான். அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பது சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வீட்டில் தன் கரண்டிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்த மனுஷன் அல்லவா?

பேக்கரிக்காரர் பன் மூட்டையோடு மூச்சு வாங்க ஏறினார். பழக்க தோஷத்தில் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தார். மெக்கானிக்கின் சீட்டுக்கு வந்ததும் விரல் அப்படியே நின்றுவிட்டது. ஜன்னலோரம், பச்சைச் சட்டை, அதே முகம். அந்த ஜன்னலோர முகத்தோடு அவர் வாங்கின தோல்விகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவருக்கு நினைவுக்கு வருவதை மெக்கானிக் நேருக்கு நேர் பார்த்தார். பேக்கரிக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

"அண்ணே" என்றார் தணிந்த குரலில். "நான் மறந்தே போயிட்டேன்."

"தெரியும்."

"பரவாயில்ல, இருங்க. அதெல்லாம் அந்தக் காலம்."

வாய் அப்படித்தான் சொன்னது. ஆனால் சீட்டின் முதுகைப் பிடித்திருந்த கை இறுகியிருந்தது, கண் வேறு எதையோ கெஞ்சியது. இன்றைக்கென்று பார்த்தா, மேல் பிரிவுக்குப் போகிற நாளாகப் பார்த்தா என்று அந்தக் கண் கேட்டது. மெக்கானிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேற்று ராத்திரியெல்லாம் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கரைந்து இறங்கியது. தன்னைக் கண்டு பயப்பட ஓர் ஆள் இன்னும் இருக்கிறான் என்று மனசுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அவர் எழுந்துவிட்டார். நர்ஸ் காலை ஒடுக்கி வழிவிட்டுக்கொண்டே, எதையாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம்மா, வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்றார். பேக்கரிக்காரர் படிக்கட்டு வரை கூடவே வந்தார். ஒரு பன்னை எடுத்து அவர் கையில் திணிக்கப் பார்த்தார். ரொட்டியைத் தவிர வேறு ஒன்றும் கூடாதே என்பது நினைவுக்கு வந்து அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

"கேளு" என்றார் மெக்கானிக், கீழே இறங்கி நின்று.

"எதைண்ணே?"

"எப்பவும் கேப்பியே, அதை."

பேக்கரிக்காரர் படியில் நின்றபடியே குனிந்தார். "இன்னைக்கு எங்கண்ணே?"

"வீட்லதான்."

பஸ் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தெருவில் கடைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. தூறல் போட்டது. இறுகிய சட்டையோடு அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். ரேடியோவின் வயரைப் பிடுங்கிவிட்டார். வலது கால் சாக்ஸைக் கழற்றினார். இந்தத் தடவையாவது ஒழுங்காக ஒளிக்கவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அலமாரிக்குள் எங்கேயோ திணித்தார். பாலைக் காய்ச்சி ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். கதவைத் தாழிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டதில் தரை சில்லிட்டுப் போயிருந்தது. வலது காலை இடது காலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மேல்வீட்டில் ஒரு கத்தல் கேட்டது. கோல் என்பது தெரிந்தது, யாருடைய கோல் என்பது தெரியவில்லை. சந்தோஷத்தில் கத்துகிறார்களா வயிற்றெரிச்சலில் கத்துகிறார்களா என்று அவளுக்குத்தான் பிரித்துச் சொல்லத் தெரியும். ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வருவாள். யாரும் போகவில்லை, யாரும் வரவில்லை. அவர் பாலில் ஊறிய ரொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ இருந்தால் இந்நேரம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று வாய்விட்டே சொன்னார். பிறகு இன்னொரு கத்தல். வெகுநேரம் கழித்துக் கடைசியாக ஒன்று. அது சட்டென்று நின்றுபோயிற்று. அதன்பிறகு மேலே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இருட்டுவதற்குள் போன் வந்தது. இரண்டாவது மணி அடிக்கும் முன்பே எடுத்துவிட்டார்.

"அண்ணே." பேக்கரிக்காரர் குரல் கம்மியிருந்தது. பின்னால் பஸ் இரைச்சல்தான், பாட்டு இல்லை. "ரெண்டுக்கு ஒண்ணு. கடைசி நிமிஷத்துல விட்டுட்டாங்க."

எல்லாம் சரியாகச் செய்தும் தோற்றுவிட்டார்கள்.

"நீங்க வீட்டுக்குத்தானே போனீங்க?"

"வீட்டுக்குத்தான்."

"கதவைத் திறக்கலையே?"

"திறக்கலை. ரேடியோவும் போடலை. ரொட்டியும் பாலும்தான்."

பேக்கரிக்காரர் பெருமூச்சு விட்டார். அது அவர் விசாரணையின் முடிவில் விடுகிற பெருமூச்சு அல்ல.

"அப்ப இதெல்லாம் சும்மாதான் போலண்ணே. பாவம், உங்களைப் போய் இத்தனை வருஷமா..."

அடுத்து என்ன வரப்போகிறது என்று மெக்கானிக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் நீங்கள் எங்கே வேண்டுமானாலும் இருங்கள், உங்களால் ஒன்றும் இல்லை என்று அன்பாகச் சொல்லிவிடுவான். அதற்கப்புறம் எந்த சாயங்காலமும் அந்த போன் வராது.

"சாக்ஸ்" என்றார்.

"என்னதுண்ணே?"

"குளிர் தாங்கலை. ரெண்டாவது பாதியில வலது கால்லயும் போட்டுட்டேன். தப்பு என் மேலதான்."

சொல்லிக்கொண்டே தன் வலது காலைப் பார்த்தார். வெறுங்கால், விரலெல்லாம் வெளுத்து விறைத்துப்போயிருந்தது.

"அதானே பார்த்தேன்" என்றார் பேக்கரிக்காரர். குரலில் உயிர் திரும்பியிருந்தது. சாக்ஸைப் போட்டுவிட்டாராம் என்று பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார். பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஐயோ என்று தலையில் அடித்துக்கொள்வது கேட்டது. என்ன சாக்ஸ், யார் சாக்ஸ் என்று புதியவர்கள் கேட்டார்கள். யாரோ காய்ச்சலில் ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினார்கள், ஆளாளுக்கு நடுவில் புகுந்து திருத்தினார்கள். காலையில் இறங்கிப் போனாரே, அந்த அங்கிளா என்று நர்ஸின் குரல் கேட்டது. எவனோ ஒருவன் நிஜமான எரிச்சலோடு திட்டினான். ஒரு வருடத்து உழைப்பை ஒரு காலால் கெடுத்துவிட்டாரே என்றான். மெக்கானிக் அதையும் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்" என்றார் பேக்கரிக்காரர். "அடுத்த சீசன் முதல் ஆட்டமே வெளியூர்லதான். முந்தின நாள் நானே போன் பண்றேன்."

"மறந்துடாதே."

"எப்படிண்ணே மறப்பேன்?"

போனை வைத்துவிட்டு எழுந்து விளக்கைப் போட்டார். வலது கால் சாக்ஸை எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று அலமாரியைத் திறந்தார். தட்டுத்தட்டாகக் கலைத்துப் பார்த்தும் அது கிடைக்கவில்லை.